மலையடிவாரத்துக்கு ஒரு கீபோர்டு

ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே உள்ளது திருவண்ணாமலை. ‘தென் திருப்பதி’ என்பார்கள். புரட்டாசி சனிக்கிழமைகளில் மலையேறும் கூட்டத்துக்கு அடிவாரத்தில் எங்கள் குழு பஜனை பாடும். போன வருடம் பாதிப் பாட்டில் கீபோர்டு ஊமையாகிவிட்டது.

உள்ளூரிலும் ராஜபாளையத்திலும் கிடைத்தது ஒன்றிரண்டு மாடல்தான். வாசித்துப் பார்க்க வழியில்லை. சேர்த்த காசோடு சிவகாசி, விருதுநகர் வழியாக மதுரைக்கு ரயில் ஏறினோம்.

அங்கே பார்த்த எல்லாவற்றிலும் 61 கட்டைகள். ஆனால், விரல் அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக் குறைவதும், கமகத்துக்கு உதவும் பிட்ச் பெண்ட் சக்கரமும் எல்லாவற்றிலும் இல்லை. யமஹா பிஎஸ்ஆர்-ஐ500-ல் இரண்டும் இருந்தன; தபலா, தம்பூரா ஒலியும் உண்டு. அதையே எடுத்தோம்.

கீபோர்டு வாங்கப் போகிறீர்களா? நீங்கள் தினமும் பாடும் பாட்டைக் கடையிலேயே வாசித்துப் பாருங்கள். இந்தப் புரட்டாசியில் எங்கள் பாட்டு பாதியில் நிற்கவில்லை!