பெஞ்சு தேய்ச்சவங்க

ரெண்டு மாசமா ஆபீஸ்ல பெஞ்சுல இருக்கேன். (ப்ராஜெக்ட் கிடையாது, சம்பளம் வரும், கேன்டீன்ல மட்டும் 'இன்னும் அலாட் ஆகலையா?'ன்னு துக்கம் விசாரிப்பாங்க.) வெட்டியா இருந்த நேரத்துல 2024 அமெரிக்க கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து ஃபைனலை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். சவுத் கரோலினா 87, அயோவா 75.

அயோவாவோட கெய்ட்லின் கிளார்க் முதல் பத்து நிமிஷத்துலயே 18 பாயின்ட், மொத்தம் 30. ஆனா பெஞ்சுல இருந்து வந்தவங்க எடுத்த பாயின்ட்டைப் பாருங்க மக்களே: சவுத் கரோலினா 37, அயோவா முட்டை! ஜெயிச்ச டீம்ல அதிக ஸ்கோரே முதல் வருஷ மாணவி டெஸ்ஸா ஜான்சன்தான். 19 பாயின்ட், அதுவும் பெஞ்சுல இருந்து வந்து.

கிளார்க்கைத் துரத்த எப்பவும் களைக்காத கால் ஒண்ணு ரெடி. அஞ்சு ஃபவுலானா வெளியேறணும்கிற பயமும் கம்மி.

எனக்குப் பிடிச்சது ரேவன் ஜான்சன் கதை. 2023 அரையிறுதியில இவங்களும் பெஞ்சு கேஸ்தான். பந்தோட தனியா நின்னவரை, 'நீ போட மாட்டே'ங்கற மாதிரி கையசைச்சு விட்டுட்டாங்க கிளார்க். அந்த வருஷ ஸ்டார்ட்டர்கள் அஞ்சு பேரும் கிளம்பினதும் ரேவன் உள்ளே வந்தாங்க. ஃபைனல்ல, இடைவேளைக்குச் சற்று முன்னாடி, அதே கிளார்க் கையிலிருந்து பந்தைப் பிடுங்கி ஓடிப்போய்ப் போட்டாங்க பாருங்க!

அதை மூணாவது தடவை ரீவைண்ட் பண்ணினப்ப பின்னாடி மேனேஜர் நின்னுட்டிருந்தார். :-(