குரோம்பேட்டை டு பீச்: ஒரு பாலிஷ் பயணம்

குரோம்பேட்டை என்றதும், பழைய அம்பாஸடர் கார் பம்பர் மாதிரி ஊரே பளபளக்கும் என்று நினைத்து வந்தவர்கள் உண்டு. அந்தக் குரோம் வேறு. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் சேம்பர்ஸ் என்கிற வெள்ளைக்காரர் இங்கே நடத்திய ‘குரோம் லெதர் கம்பெனி’யின் குரோம் இது. தோல் பதனிடுகிற உப்பு! கம்பெனி போய்விட்டது. பெயர் மட்டும் ஊரோடு ஒட்டிக்கொண்டது.

ஆகவே, பளபளப்பு வேண்டுமென்றால் நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அதற்கு இப்போது கிராக்கி ஜாஸ்தி. ராதா நகர், அஸ்தினாபுரம், நெமிலிச்சேரி என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வாசலில் கார். அதன் மேல் ஜி.எஸ்.டி. ரோட்டுத் தூசி. காலையில் ஒருவர் வந்து அதை உலர்ந்த துணியால் ‘சரக் சரக்’கென்று துடைக்கிறார். மிச்சத்துக்கு உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர். துடைத்தது வட்ட வட்டக் கீறலாகவும், தண்ணீர் வெள்ளைப் புள்ளியாகவும் நின்றுவிடும். கறுப்புக் காரை வெயிலில் பாருங்கள், பானெட்டில் சிலந்தி குடித்தனம் நடத்துவது போலிருக்கும்.

எங்கள் தெரு இளைஞர் ஒருவர் இதில் ஒரு வருமானத்தைப் பார்த்தார். தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அபார்ட்மெண்ட் கார்களுக்கு பாலிஷ் போட்டால் என்ன? போனஸ் கையில் இருந்தது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லையாதலால், அதே போனஸுக்கு வீட்டில் வேறொரு மனுவும் நிலுவையில் இருந்தது. “மெஷின் வாங்கணும், நீங்களும் கூட வாங்க ஸார்” என்றார். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட வைத்துக் கிளம்பினோம். குரோம்பேட்டையில் ரயில் ஏறினால் போதும், பாலிஷ் படிப்பு முழுக்க ஒரே லைனில் கிடைக்கும்.

அடுத்த ஸ்டேஷனே பல்லாவரம். வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்காத பொருள் இல்லை. பூச்செடி, புறா, பழைய டி.வி., ஸ்பானர் என்று தரையிலேயே ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோர். “ஸார், இதுல கம்பளி பேட் மாட்டினா கார் கண்ணாடி ஸார்!” என்று ஒருவர் நீட்டியது 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர். இரும்பு வெட்டுகிற ஆசாமி அது. நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று. கார் பாலிஷ் மெஷினுக்குச் சுமார் 3,000-மே உச்சம். கிரைண்டர் பட்டால் கார் கண்ணாடியாகாது, தகரமாகும்!

ஏன் என்று கேட்பீர்கள். காரின் பெயிண்ட் மொத்தமும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கும் ‘கிளியர் கோட்’ என்கிற கண்ணாடிப் பூச்சு 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனம் 70 மைக்ரான் அளவில் இருக்கும். பாலிஷ் என்பது எதையோ பூசுவதல்ல, இந்த மெல்லிய பூச்சைக் கொஞ்சம் தேய்த்து எடுத்துக் கீறலின் விளிம்பை மழுக்குவது. காமர்ஸ் படித்தவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒவ்வொரு பாலிஷும் மூலதனத்திலிருந்து எடுக்கிற பணம். திரும்ப டெபாசிட் பண்ண முடியாது.

அடுத்து எழும்பூர். இறங்கி நடந்தால் புதுப்பேட்டை. பழைய கார்களின் கை கால் எல்லாம் தனித்தனியே அடுக்கி வைத்திருக்கும் பேட்டை. அங்கே ஒரு நசுங்கிய கறுப்பு பானெட் வாங்கினோம். மெஷினுக்கு முன்னால் பானெட்டா என்று நண்பர் முழித்தார். அடுத்தவன் கார் பாடப்புத்தகம் அல்லவே! திரும்பும்போது எடுத்துக்கொள்கிறோம் என்று கடையிலேயே விட்டுவிட்டு, பீச் ஸ்டேஷன் போய், பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்கு நடந்தோம்.

மெஷினில் முக்கியமாக இரண்டு ஜாதி. ‘ரோட்டரி’ ஒரே அச்சில் சுற்றும். வேகமாக வேலை முடியும், விலையும் பெரும்பாலும் கம்மி. ஒர்க்‌ஷாப்காரர்கள் விரும்புவது இதைத்தான், கை பழகியவர்களுக்கு நல்ல மெஷின். புதுக் கையில் கொடுத்தால் ஒரே இடத்தில் சூடேற்றி, கதவு விளிம்பில் பெயிண்டைக் கழற்றிவிடும். வெயிலில் நெளிநெளியாக மினுக்கும் கோடுகளும் விழும்.

இரண்டாவது ‘டூயல் ஆக்‌ஷன்’. சுற்றிக்கொண்டே ஆடும், கிட்டத்தட்ட நம் கரகாட்டம். ஜாஸ்தி அழுத்தினால் சுழற்சியை நிறுத்திக்கொண்டு ஆட்டத்தோடு நின்றுவிடும். அந்தக் கோழைத்தனம்தான் நமக்குப் பாதுகாப்பு. ஆட்டத்தின் அகலம் 8, 15, 21 மில்லிமீட்டர் என்று வரும். 21 பெரிய தட்டையான வண்டிகளுக்கு. வளைவு நெளிவு அதிகமுள்ள நம்மூர்ச் சின்ன கார்களுக்கு 8 முதல் 15 வரை போதும்.

கடைக்காரர் வாட்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நாங்கள் கேட்டது வேறு. மெதுவாக ஸ்டார்ட் ஆகுமா? வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா? கார்பன் பிரஷ், பேட் எல்லாம் அடுத்த வருடமும் கிடைக்குமா? சர்வீஸ் எங்கே? கடைசியாக, கையில் வாங்கி ஐந்து நிமிஷம் நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். இரண்டரை கிலோ என்பது கடையில் லேசு, நாலாவது மணி நேரத்தில் அம்மிக்கல்!

15 மில்லிமீட்டர் டூயல் ஆக்‌ஷன், அதற்கு நுரை பேடுகள் நாலு என்று முடிந்தது. பாக்கிப் பணத்தை மெஷினில் போடாமல், பெயிண்டின் கனம் அளக்கும் மீட்டரில் போட்டார். நல்ல கணக்குப்பிள்ளை. இருப்பு தெரியாமல் செலவு எழுதக் கூடாது.

நாலு ஞாயிறு மொட்டை மாடியில், காலை வெயில் ஏறுவதற்குள், பானெட் மேல் பயிற்சி. முதலில் கழுவி, களிமண் கட்டி போன்ற ‘கிளே பார்’ தேய்த்து, விளிம்புகளில் டேப் ஒட்டி, ஓர் அடி சதுரத்தில் மிக லேசான பேடில் ஆரம்பம். போதவில்லை என்றால் மட்டுமே அடுத்த பேட். ஐந்தாவது ஞாயிறு அபார்ட்மெண்டிலிருந்து முதல் கார் வந்தது. மீட்டர் வைத்துப் பார்த்து, “கதவு ஏற்கனவே தேஞ்சிருக்கு ஸார், இதுல நான் கை வைக்க மாட்டேன்” என்று அந்தக் கதவை மட்டும் விட்டுவிட்டார். அந்தக் காரின் சொந்தக்காரர்தான் இன்று மற்ற கார்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

பழைய பானெட் மாடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. துணி உலர்த்த வரும்போது நண்பரின் மனைவி அதில் பார்த்துத்தான் பொட்டைச் சரிசெய்துகொள்கிறாராம். போனஸ் மனு வாபஸ் ஆகிவிட்டதா என்று கேட்டேன். “இல்லை ஸார், தீபாவளிக்கு வாய்தா!” என்றார்.