ஒரே ஒரு கேள்வி

உத்தியோகத்துக்கு ஆள் எடுப்பதும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் ஒன்றுதான். அரைமணி நேரம் பேசிவிட்டு முப்பது வருஷத்தை ஊகிக்க வேண்டும்!

கரிக்கலாம்பாக்கத்தில் நண்பர் ஒருவரின் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நேர்முகத் தேர்வில் என்னையும் உட்கார வைத்தார். கதை எழுதுகிறவனுக்கு மனிதர்களைத் தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

வந்தவர்கள் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். "கம்ப்யூட்டரின் முகவரி 169.254 என்று தொடங்கினால் என்ன அர்த்தம்?" என்று நண்பர் கேட்டார். "முகவரி கொடுக்க வேண்டிய டி.எச்.சி.பி. பதில் சொல்லவில்லை, மெஷின் தானே ஒன்றை வைத்துக்கொண்டது" என்று எல்லாரும் ஒப்பித்தார்கள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று: "கணக்கரின் கம்ப்யூட்டர் காலையில் கிளம்பவில்லை. என்ன செய்வீர்கள்?"

"பார்மட் செய்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவேன், ஸார்!" என்றான் ஓர் இளைஞன், அழகான இங்கிலீஷில்.

ஒரு பெண் மட்டும் தயங்கினாள். "கணக்குக்கு வேறே நகல் இருக்கா என்று முதலில் அவரைக் கேட்பேன், ஸார். இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி, கணக்கை எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்."

பார்மட் செய்தால் மெஷின் பிழைத்துவிடும்; அதற்குள் இருந்த ஒரு வருஷத்து உழைப்பு போய்விடும். என் நாவல்களும் இப்போது அப்படி ஒரு பெட்டிக்குள்தான் இருக்கின்றன.

அவள் போன பிறகு, "இங்கிலீஷ் போதாதே!" என்று இழுத்தார் நண்பர்.

"கணக்கர் தமிழில்தானே புலம்பப் போகிறார்?" என்றேன்.

இங்கிலீஷ் ஆறு மாதத்தில் வந்துவிடும். பிறத்தியார் உழைப்பைத் தன் உழைப்பாக நினைக்கும் குணத்தை எந்தக் காலேஜில் கற்றுத் தருகிறார்கள்?