பூசணம் தந்த பாடம்

ஊறுகாய்ச் சாடியில் ஈரக் கரண்டியை இடலாகாது என்று என் அன்னையார் அடிக்கடி எச்சரிப்பார். சிறிது ஈரம் புகுந்தாலும் சில நாளில் ஊறுகாயின்மேல் பூசணம் படர்ந்துவிடும். அவ்வறிவுரை சாடிக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்தேன். வீட்டிற்கும் அது பொருந்தும் என்பதை உணர எனக்கு நெடுநாள் ஆயிற்று.

சென்னையில் கடற்கரையை அடுத்த பகுதியில் நாங்கள் குடியிருக்கிறோம். கோடைப் புழுக்கத்தைப் பொறுக்க இயலாமல் படுக்கையறையில் குளிர்சாதனக் கருவி ஒன்றைப் பொருத்தினோம். இரண்டாம் ஆண்டில் அதன்கீழ்ச் சுவரில் உள்ளங்கை அளவு கறை தோன்றியது. "அப்பா, சுவர் நாறுகிறது" என்றாள் என் எட்டு வயது மகள். "மழை ஈரம் அம்மா, தானே காய்ந்துவிடும்" என்றேன். கறை கறுத்துப் பரவியது. உறவினர் வரும் நாள் நெருங்கவே, அதன்மேல் வெள்ளை வண்ணம் பூசுவித்தேன். ஒரு திங்களில் கறை மீண்டும் எழுந்தது. இம்முறை புத்தக அலமாரியை நகர்த்தி அதனை மறைத்தேன்.

பின்னர் மகளை இருமல் பற்றியது. பகலில் குறையும், இரவில் மிகும். ஓரிரவு அவள் மூச்சு விடவே திணறினாள். மருத்துவர் மருந்து கொடுத்தபின், "வீட்டில் ஈரச் சுவர் ஏதேனும் உண்டா?" என்று வினவினார். நான் வாய் திறக்கவில்லை. "உண்டு" என்றாள் மகள். காற்றில் மிதக்கும் பூசண வித்துகள் சிலருக்கு இருமலையும் இழுப்பையும் மிகுவிக்கும் என்று அவர் விளக்கினார்.

மறுநாள் கருவியைப் பழுது பார்ப்பவர் வந்தார். குளிர்ந்த நீருள்ள செம்பின் புறத்தே நீர் முத்துகள் அரும்புவதை நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறே, அறைக் காற்றிலுள்ள ஈரம் கருவியின் குளிர்ந்த குழாய்களில் பட்டு நீராகிறது. அந்நீர் அடித்தட்டில் சேர்ந்து, வடிகுழாய் வழியே வெளியேற வேண்டும். எங்கள் கருவியில் தூசும் பாசியும் அக்குழாயை அடைத்திருந்தன. தட்டு நிரம்பி வழிந்த நீர் நாள்தோறும் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. "நோய் சுவரில் இல்லை, ஐயா; இந்தக் குழாயில் இருக்கிறது" என்றார் அவர். அடைப்பை நீக்க அரைமணி நேரமே பிடித்தது.

எனினும், பூசணம் எளிதில் அகலவில்லை. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, உதிர்ந்த பூச்சைச் சுரண்டி, சோப்பு நீரால் கழுவினோம். சன்னல்களைத் திறந்து சுவரைப் பல நாள் உலர விட்டோம். நன்கு உலர்ந்த பின்னரே வண்ணம் பூசினோம். பூசணம் ஊடுருவிய பஞ்சு மெத்தையை எறிந்துவிட்டோம். அலமாரியில் இருந்த என் தந்தையாரின் நூல்களுள் பாதிக்கு மேல் தாள்கள் ஒட்டிக் கறுத்திருந்தன. அவற்றையும் இழந்தேன்.

1902ஆம் ஆண்டில் வில்லிஸ் கேரியர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இக்காலக் குளிர்சாதன முறைக்கு அடிகோலினார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி அச்சகம் ஒன்றில் ஈரத்தால் தாள்கள் விரிந்து சுருங்குவதைத் தடுக்கவே அதனை வகுத்தார். தாளை ஈரத்தினின்று காக்கப் பிறந்த கருவி, என் கவனக் குறைவால் என் தந்தையாரின் நூல்களை நனைத்து அழித்தது!

நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பற்றாது என்பர். நானோ பல திங்கள் வாளாவிருந்தேன். கறையைக் கண்டவுடன் அதனை மறைக்கும் வழியைத் தேடினேனே அன்றி, ஈரம் வந்த வழியைத் தேடினேன் அல்லேன். வீட்டின் குறையை முதலில் கண்டவள் ஒரு சிறுமி. அவள் சொல்லுக்குச் செவிசாய்த்திருந்தால் அவளுக்கு அத்துன்பம் நேர்ந்திராது.

இன்று அவள் இருமல் தணிந்துள்ளது. திங்கள்தோறும் கருவியின் வடிகட்டியைக் கழுவி, வடிகுழாயில் நீர் சொட்டுகிறதா என்று நான் பார்க்கிறேன். அந்நாளை எனக்கு நினைவூட்டுபவள் என் மகளே.