சித்தப்பா உயில் எழுதின ஊர்

நேத்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் போய் தேங்காய் போட்டுட்டு வந்தேன். "உங்களுக்கு எப்படிங்க கேரளாவுல நிலம்?"னு கேக்கறவங்களுக்காக இதை எழுதறேன்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தாத்தா அந்த ஒண்ணரை ஏக்கரை வாங்கினப்போ அது கொச்சி சமஸ்தானம். பங்கு பிரிக்கையில பொள்ளாச்சித் தோட்டம் அப்பாவுக்கு, அது சித்தப்பாவுக்கு. ரயில்வே வேலைக்குச் சென்னை போன சித்தப்பா பெரம்பூர்லயே தங்கிட்டார். பிள்ளைங்க இல்லை. சித்தி போனப்புறம், நிலத்தை என் பேருக்கு உயில் எழுதி ரிஜிஸ்டரும் பண்ணி வெச்சார். 2016ல அவரும் போயிட்டார்.

உயிலை எடுத்துக்கிட்டு அங்கத்த வில்லேஜ் ஆபீசுக்குப் போனேன். நாம பட்டா மாறுதல்னு சொல்றது அங்கே 'போக்குவரவு'. முதல்ல கேட்டப்போ ஏதோ பஸ் விவகாரம்னு நெனச்சேன். உயிலைப் புரட்டினவர் நல்ல தமிழ்லயே கேட்டார்: "இது மெட்ராஸ்ல எழுதினதாச்சே, புரொபேட் இருக்கா?"

புரொபேட்னா, உயில் உண்மையானதுதான்னு கோர்ட் பார்த்துக் கொடுக்கற சான்று. ரிஜிஸ்டர் பண்ணின உயிலுக்கு அது எதுக்குன்னு எங்க வக்கீலைக் கேட்டேன். ரிஜிஸ்டர் பண்றது வேற, இது வேறன்னார். அப்போ இருந்த சட்டப்படி, இந்து ஒருத்தர் சென்னை நகர எல்லைக்குள்ள உயில் எழுதினா, சொத்து எங்கே இருந்தாலும் புரொபேட் வேணுமாம். "உங்க சித்தப்பா இதே காகிதத்துல பொள்ளாச்சிக்கு வந்து கையெழுத்துப் போட்டிருந்தா இந்த அலைச்சலே இல்லீங்க." ஜில்லா கோர்ட்ல வாங்கினா, வெளிமாநிலச் சொத்து 10,000 ரூபாய்க்கு மேல இருந்தா அங்கே செல்லாது, ஐகோர்ட் கொடுத்தா இந்தியா பூரா செல்லும். பத்தாயிரத்துக்கு இன்னிக்கு எங்கே நிலம் கிடைக்குது? சென்னை ஐகோர்ட்தான்னு ஆச்சு.

அப்புறம் அவர் சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. "உயில் இல்லைன்னா இந்த நிலம் யாருக்குப் போகும் தெரியுங்களா? உங்க அத்தைக்கு. கூடப்பொறந்தவங்க இருக்கையில அண்ணன் மகனுக்கு ஒரு சென்ட் கிடையாது. அவங்க சம்மதம் எழுதிக் கொடுக்கணும். ஆட்சேபணை பண்ணினா இது பெரிய வழக்கா மாறிடும்."

அத்தை தாராபுரத்துல. அஞ்சு பவுன் போட்டுக் கட்டிக் கொடுத்தாங்க, அவ்வளவுதான். பங்கு பிரிக்கறப்போ அவங்களை யாரும் கூப்பிடக்கூட இல்லை. 'ஒரு சாட்சிக் கையெழுத்து வேணுங்கத்தை'ன்னு சொல்லி வாங்கிக்கலாமான்னு பஸ்ல போறப்ப எனக்குத் தோணுச்சு. ஒளிக்காமத்தான் எழுதறேன். வீட்டுல போய் உக்காந்து, அவங்க கொடுத்த காப்பியைக் குடிச்சப்புறம் அப்படிச் சொல்ல வாய் வரலை. வக்கீல் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அத்தை அவரைக்காய் உரிச்சுக்கிட்டே கேட்டாங்க. "சின்னண்ணன் என்னைப் பத்தி அதுல ஏதாச்சும் எழுதியிருக்காரா?"

இல்லைன்னேன்.

"பேருகூட இல்லியா?"

அதுக்கு நான் பதில் சொல்லலை. "காலையில பேசிக்கலாம் கண்ணு"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. ராத்திரி திண்ணையில படுத்தேன். தூக்கம் எங்கே வரும்?

காலையில பேத்தியை விட்டு உயிலையும் சம்மதப் பத்திரத்தையும் முழுசாப் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. கையெழுத்துப் போட்டாங்க. நிலம் கேக்கலை. "வருசத்துக்கு ஒருக்கா என்னை அங்கே கூட்டிட்டுப் போ"ன்னாங்க. காய்ப்பணத்துல பாதி உங்களுக்குன்னு சொன்னேன். "கொடுத்தா வாங்கிக்கறேன்"னாங்க.

மீதியெல்லாம் அலைச்சல்தான். உயில்ல சாட்சி போட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர் இறந்துட்டார். இன்னொருத்தர் ஆவடியில மகன் வீட்டுல இருந்ததைத் தேடிப் பிடிச்சு அவர்கிட்ட வாக்குமூலம் வாங்கினோம். 2018 கடைசியில புரொபேட் வந்து, போக்குவரவும் முடிஞ்சுது. 'தண்டப்பேர்'னு ஒரு நம்பர் கொடுத்தாங்க. எவ்வளவு தண்டம் கட்டணும்னு கேட்டு ஆபீசையே சிரிக்க வெச்சேன். அது அவங்க பட்டா நம்பராம்.

முதல் தடவை அத்தையைக் கார்ல கூட்டிட்டுப் போனப்போ கிணத்தை எட்டிப் பார்த்தாங்க, வேலியோரமா ஒரு சுத்து நடந்தாங்க. "கன்னை இவ்வளவு நெருக்கியா வெப்பே?"ன்னு என்னைத் திட்டினாங்க.

நேத்து போட்ட காய்க்கு இன்னும் பணம் வரலை. இன்னிக்குக் காலையிலயே அத்தைகிட்டயிருந்து போன் வந்துடுச்சு.