கேக்குது

அம்மாவுக்கு இருபது வருடமாக வயிற்றுக் கோளாறு. பெரிய ஆஸ்பத்திரியில் தரும் அதே மாத்திரையைத்தான் ஊர் டாக்டரும் எழுதுவார். ஆனாலும், "அவர்கிட்ட போனாத்தான்டா எனக்குக் கேக்குது" என்பாள். "எல்லாம் மனப்பிரமைம்மா" என்று சிரிப்பேன்.

பிறகுதான் ஹார்வர்டின் டெட் காப்ச்சுக் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வை வாசித்தேன். ஐபிஎஸ் எனும் குடல் கோளாறு உள்ள 262 பேர். மூன்று வாரம். சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில் 28 சதவீதம் பேர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். தோலில் இறங்காத பொய் அக்குபங்சர் ஊசி பெற்றவர்களில் 44 சதவீதம். அதே பொய் ஊசியோடு, முதல் நாளே முக்கால் மணி நேரம் பரிவாகப் பேசப்பட்டவர்களில் 62.

ஊசி ஒன்றுதான். மாறியது பேச்சு.

இதைச் சூழல் காரணி என்கிறார்கள். மருந்தின் பலனைத் தனியே அறிய, இரு தரப்புக்கும் இதைச் சமமாக்கிக் கழித்துவிடுவார்கள். சோதனைக்கு அது சரி. நான் அம்மாவின் வலியிலிருந்தும் அதைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் கேட்டேன்: "அந்த டாக்டர் அப்படி என்னம்மா செய்வாரு?"

"ராத்திரி தூங்குனியாம்மான்னு கேப்பாருடா."

இருபது வருடத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.