துணி சொன்ன செய்தி

பத்துமலையில் குடியிருக்கும் அந்தப் பெரியவர், கிள்ளான் துறைமுகத்தில் படகுகளைப் பழுதுபார்ப்பவர். பள்ளி விடுமுறையில் தங்கை மகனையும் உடன் அழைத்துச் சென்றிருந்தார். அன்றைய படகின் கழிப்பறையில் தாங்க முடியாத வாடை. உரிமையாளர் வாசனைத் திரவியம் தெளித்தே அலுத்துப் போயிருந்தார்.

“குழாய் எங்கும் ஒழுகவில்லையே, மாமா?”

மாமா வெந்நீரில் நனைத்த துணியைக் கழிவுக் குழாயின்மேல் சுற்றினார். ஆறியதும், “முகர்ந்து பார்” என்று நீட்டினார். வாடை துணியில் ஏறியிருந்தது! கழிவு தேங்கித் தேங்கிப் பழசான ரப்பரில் ஓட்டையே வேண்டாம். நாற்றம் அதன் சுவரையே ஊடுருவி வெளிவரும்.

முதலில் கழிவுத் தொட்டியைக் காலி செய்யவேண்டும். மாமா கழிவு உறிஞ்சும் லாரிக்காகக் காத்திருந்தார்.

“ஆற்றிலேயே விட்டுவிடலாமே?”

கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவைக் கொட்டக்கூடாது என்ற அனைத்துலக விதி 2003-இல் நடப்புக்கு வந்தது. அது பெரிய கப்பல்களுக்கானது. மாமா விதியைப் பற்றிப் பேசவில்லை.

“நம் பக்கத்துப் பத்து ஆறு கோம்பாக் ஆற்றில் சேர்ந்து, கிள்ளான் ஆற்றோடு கலந்து இங்குதான் வருகிறது. அங்கே குப்பை போடுபவர்களை நீயே திட்டுவாயே!”

கழற்றிய குழாயை அறுத்தபோது, உள்ளே சுண்ணாம்புபோல் படிவு இறுகிக் கிடந்தது. சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து செய்த வேலை. விரல் நுழையவே இடமில்லை. புதிய குழாயின் முனைகளை வெந்நீரில் இளக்கிப் பொருத்தி, முனைக்கு இரண்டு கவ்விகள் போட்டு முடுக்கினார். கழிவு தேங்காதபடி தொய்வின்றி இழுத்துக் கட்டினார்.

வீடு திரும்பும் ரயிலில் மருமகன் தன் கைகளை இருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டான்.